பெருக்கலுக்கு ஏன் முதல் மரியாதை?

மளிகைக் கடை மேசைமேல் கிடக்கும் சாதாரண கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டிச் சமக்குறியை அழுத்தினால் 20 என்று காட்டும். அதே பொத்தான்களை அதே வரிசையில் கைபேசியில் தட்டினால் 14 வரும். விண்டோஸ் கணினியின் கால்குலேட்டர் இரண்டு விடைகளையும் தன்னிடமே வைத்திருக்கிறது. ‘ஸ்டாண்டர்டு’ முறையில் 20, ‘சயின்டிஃபிக்’ முறைக்கு மாற்றினால் 14. இவற்றில் எதுவும் பழுதானதல்ல. பள்ளியில் ‘போட்மாஸ்’ படித்த யாரும் 14தான் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். தீர்ப்பில் குறையில்லை, ஆனால் எந்த நியாயத்தின்படி என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. பெருக்கலைக் கூட்டலுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்பது எண்களின் இயல்பிலிருந்து பிறந்த உண்மையா, அல்லது சாலையில் இடப்பக்கம் போவதுபோல யாரோ ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வைத்த ஏற்பாடா? இரண்டுமே முழுப் பதில் ஆகாது. அது எழுத்தைப் பற்றிய விதி. எந்த எண்ணை எந்தக் குறியோடு சேர்த்து வாசிப்பது என்று சொல்லி, அடைப்புக்குறிகளை மிச்சப்படுத்தித் தருகிறது. அதற்குள் வலுவான காரணம் உள்ள பகுதிகள் இருக்கின்றன, காரணமே இல்லாத ஓரிரு மூலைகளும் இருக்கின்றன. முதல் வகையில் உலகம் முழுக்க ஒரே குரல். ஆண்டுதோறும் சமூக ஊடகங்களில் வெடிக்கும் சண்டைகளெல்லாம் இரண்டாவது வகையிலிருந்து வருபவை.

எழுத்தின் விதி என்பதற்கு முதல் சான்று, கணக்கு பேச்சாக இருந்த காலத்தில் இந்த விதி தேவைப்படவே இல்லை என்பது. 1150 வாக்கில் பாஸ்கராச்சாரியர் எழுதிய ‘லீலாவதி’யில், விடையிலிருந்து பின்னோக்கிப் போய் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு கணக்கு வருகிறது. அதன் சாரம் இது: ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, வந்ததில் முக்கால் பங்கை அதோடு சேர்த்து, ஏழால் வகுத்து, ஈவில் மூன்றிலொரு பங்கைக் கழித்து, மிச்சத்தை அதனாலேயே பெருக்கி, 52-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, எட்டைக் கூட்டி, பத்தால் வகுத்தால் 2 கிடைக்கிறது. எண் எது? விடை 28. முன்னோக்கிச் சரிபார்த்தால் 84, 147, 21, 14, 196, 144, 12, 20, 2 என்று படியிறங்கி வருகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், மூலம் எல்லாமே கலந்து கிடந்தும் எதை முதலில் செய்வது என்ற சந்தேகம் ஓரிடத்திலும் எழவில்லை. சொன்ன வரிசைதான் செய்யும் வரிசை. நம் கணக்கதிகாரமும் கணக்குகளைச் செய்யுளில் சொன்ன நூல்தான். கடைக் கால்குலேட்டரின் 20 இந்தப் பழைய மரபைச் சேர்ந்தது. இரண்டை எடு, மூன்றைக் கூட்டு, நாலால் பெருக்கு என்று காதால் கேட்டபடி அது செய்கிறது.

சிக்கல் குறிகளோடு வந்தது. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் யோஹன்னஸ் விட்மனின் நூலில் அச்சேறின. சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டும், பெருக்கல் குறியை 1631-இல் வில்லியம் ஆட்ரெடும், எண்ணின் தலைமேல் அடுக்கை எழுதும் வழக்கத்தை 1637-இல் டெக்கார்ட்டும், நாம் இன்று வைத்திருக்கும் வகுத்தல் குறியை 1659-இல் யோஹான் ரானும் கொண்டுவந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயலாக இருந்த கணக்கு, தாளில் ஒரே பார்வையில் தெரியும் வடிவமாக மாறிவிட்டது. 2 + 3 × 4 என்பதில் நடுவில் நிற்கும் 3-க்கு இருபக்கமும் உரிமையாளர்கள். கூட்டல் குறி ஒரு பக்கம் இழுக்கிறது, பெருக்கல் குறி மறுபக்கம் இழுக்கிறது. ‘சூடான இட்லியும் சட்னியும்’ என்று சொன்னால் சட்னியும் சூடா என்ற கேள்வி எழுவது போன்ற நிலைமைதான் இது. பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும். சூத்திரத்துக்குச் சூழல் கிடையாது, ஆகவே ஒரு வழக்கம் வேண்டியிருந்தது. எந்தச் சபையும் கூடி அதைத் தீர்மானிக்கவில்லை. இயற்கணிதம் எழுதியவர்களின் கைப்பழக்கமாகவே அது உருவானது, பாடப்புத்தகங்கள் பிற்பாடு அதைச் சட்டமாக்கின.

கைப்பழக்கம் பெருக்கலின் பக்கம் ஏன் சாய்ந்தது? மனிதர்கள் உண்மையில் எழுத வேண்டியிருக்கும் கணக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: சில பெருக்கல்களைச் செய்து, வந்தவற்றைக் கூட்டுவது. நாம் எண் எழுதும் முறையே அப்படித்தான். 365 என்றால் 3 × 100 + 6 × 10 + 5. கடை ரசீதும் அப்படித்தான். கிலோ 60 ரூபாய் அரிசியில் 3 கிலோ, லிட்டர் 150 ரூபாய் எண்ணெயில் 2 லிட்டர் என்றால் 3 × 60 + 2 × 150, அதாவது 480 ரூபாய். இதைச் சாதாரண கால்குலேட்டரில் இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் தட்டினால் 180, 182, கடைசியில் 27,300 ரூபாய் என்று வந்து நிற்கும். எந்தக் கடைக்காரரும் அப்படித் தட்டுவதில்லை. 3 × 60 போட்டு ‘எம் பிளஸ்’, 2 × 150 போட்டு ‘எம் பிளஸ்’, கடைசியில் நினைவகப் பொத்தானை அழுத்துகிறார். சில கருவிகளில் இதற்கென்றே ‘ஜிடி’ என்றொரு பொத்தான் உண்டு, சமக்குறி போட்ட விடைகளையெல்லாம் அது கூட்டித் தந்துவிடும். இயந்திரத்துக்குத் தெரியாத முன்னுரிமை விதியை விரலால் அதற்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இது. எளிய கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போவது கணிதக் கொள்கையால் அல்ல. பாதியில் நிறுத்திவைத்த கூட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ரசீதில் அலகுகளையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் இன்னும் துலக்கமாகிறது. 60 + 2 என்று அங்கே கூட்டுவது, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதோடு இத்தனை லிட்டர் என்பதைக் கூட்டுவதாகும். அப்படியொரு கூட்டல் கிடையாது. கூட்டலும் கழித்தலும் ஒரே இனத்துப் பொருள்களுக்கு இடையில்தான் நடக்க முடியும். பெருக்கலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, வேறு வேறு இனங்களைச் சேர்த்துப் புதியதொரு இனத்தை அது உண்டாக்குகிறது. கிலோவும் கிலோவுக்கான விலையும் சேர்ந்து ரூபாயாகின்றன. ஆகவே நடைமுறைக் கணக்கில் பெருக்கல் நடந்து முடிந்து, எல்லாம் ஒரே இனமான பிறகுதான் கூட்டலுக்கு வழி பிறக்கிறது. பள்ளி இயற்பியலில் வரும் சூத்திரமும் இதையே காட்டும்: கடந்த தூரம் = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். கூட்டலுக்கு முன்னுரிமை கொடுத்து வாசித்தால் நேரத்தோடு அரையைக் கூட்ட வேண்டிவரும். அத்தனை விநாடியோடு வெறும் அரையைக் கூட்டுவதற்கு எந்தப் பொருளும் இல்லை.

இதைவிட ஆழமான காரணம் பங்கீட்டுப் பண்பில் ஒளிந்திருக்கிறது. (க + ச) × ட என்பதை எப்போதும் க × ட + ச × ட என்று விரித்துவிடலாம். கூட்டலும் பெருக்கலும் மட்டும் கலந்த எந்தக் கோவையையும், எத்தனை அடைப்புகள் இருந்தாலும் சரி, இப்படியே விரித்துக்கொண்டு போய்ப் பெருக்கல்களின் கூட்டலாக மாற்றிவிட முடியும். எதிர்த்திசையில் இது நடக்காது. க × ச + ட × த என்ற எளிய கோவையைக்கூடக் கூட்டல்களின் பெருக்கலாக மாற்ற வழியில்லை. இப்போது இரண்டு வழக்கங்களையும் ஒப்பிடலாம். பெருக்கல் நெருக்கமாக ஒட்டும் என்று வைத்தால், கொஞ்சம் நீளமாக எழுதும் பொறுமை இருந்தால் எதையும் அடைப்பே இல்லாமல் எழுதிவிடலாம். கூட்டல் நெருக்கமாக ஒட்டும் என்று வைத்தால் க × ச + ட × த-வுக்கு அடைப்பு போட்டே ஆக வேண்டும், தப்பிக்கவே முடியாது. இரு செயல்களும் சமநிலையில் இல்லை என்பது எண்களைப் பற்றிய உண்மை. அந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டு எழுத்தைச் சுருக்கியது மனிதர்களின் கெட்டிக்காரத்தனம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல சான்றை எடுத்து வைக்கலாம். கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த ஏபிஎல் என்ற நிரல்மொழியில் முன்னுரிமையே கிடையாது, எல்லாம் வலமிருந்து இடமாக. அங்கே 2 × 3 + 4 என்றால் 14. ஸ்மால்டாக் மொழியிலோ எல்லாம் இடமிருந்து வலம், 2 + 3 × 4 அங்கே 20. இரண்டும் மதிக்கத்தக்க மொழிகள், அவற்றில் எழுதியவர்கள் கணக்குத் தெரியாதவர்களும் அல்லர். பெருக்கலுக்கு முதல் மரியாதை இல்லாமலே உலகம் நடக்குமென்றால், மேலே சொன்ன காரணங்களெல்லாம் பின்னால் ஒட்டவைத்தவைதானோ? இல்லை. வழக்கம் மாறினாலும் கணக்கு மாறாது, மாறுவது அடைப்புகள் எங்கே விழுகின்றன என்பதுதான். நம் மளிகை ரசீதை எழுத அந்த இரண்டு மொழிகளிலும் ஓர் அடைப்பாவது வேண்டும். ஏபிஎல்லில் பல பத்துக் குறிகள் உண்டு. அத்தனைக்கும் தரவரிசை வைத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் யாரும் அந்த மொழிப் பக்கமே வரமாட்டார்கள். அங்கே எளிமைக்குக் கொடுத்த விலைதான் அந்த அடைப்பு. அவர்களுக்கு வேறு லாபமும் உண்டு. க + ய × ச + ய × ட என்று அங்கே எழுதினால் அது நம் எழுத்தில் க + ய × (ச + ய × ட). பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் குறைந்த பெருக்கல்களில் கணக்கிடும் இந்த அமைப்பு அவர்களுக்கு அடைப்பே இல்லாமல் கிடைத்துவிடுகிறது. எதை அடிக்கடி எழுதுகிறோமோ அதற்கு அடைப்பு தேவைப்படாதபடி விதி அமைய வேண்டும் என்ற தத்துவத்தைத்தான் இதுவும் உறுதிப்படுத்துகிறது.

வாசிப்பதற்கான விதி என்று ஏற்றுக்கொண்டால் அடுத்து ஒன்று விளங்கும். பள்ளிகளில் இது வேலைப் பட்டியலாகச் சொல்லித்தரப்படுகிறது: முதலில் அடைப்பு, அப்புறம் அடுக்கு, அப்புறம் பெருக்கல் வகுத்தல். தேர்ந்த கணக்காளர் யாரும் அந்தப் பட்டியலின்படி வேலை செய்வதில்லை. 98 × 47 + 2 × 47 என்பதைப் பட்டியல்படி செய்தால் 4,606, பிறகு 94, பிறகு 4,700. கண் பழகியவர்கள் 98-ஐயும் 2-ஐயும் முதலில் கூட்டி, நூறு நாற்பத்தேழு என்று முடித்துவிடுவார்கள். ‘பெருக்கலுக்கு முன்னால் கூட்டல்’ செய்த அவர்கள் விதியை மீறியவர்களா? (839² − 17) × (6 − 6) என்ற கோவையில் முதல் அடைப்புக்குள் நுழையாமலே பூச்சியம் என்று சொல்பவர் விதியை மீறியவரா? 7 × (100 + 3) என்பதை அடைப்பைத் தொடாமல் 700, 21 என்று பிரிப்பவர்? எவரும் மீறவில்லை. கோவையின் பொருளைச் சரியாக வாசித்த பிறகு, அந்தப் பொருள் மாறாத எந்த வழியிலும் விடைக்குப் போகலாம். ‘சுருக்குக’ என்ற சொல்லுக்கு உண்மையில் இதுதான் பொருள். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு 25 × 37 × 4 என்பதில் 925-ஐ நான்கால் பெருக்கிக்கொண்டிருக்கும் மாணவர் விதியைக் கற்றிருக்கிறார், சுருக்கக் கற்கவில்லை.

கணினிகள் இதை இன்னும் பச்சையாகக் காட்டுகின்றன. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸின் குழு 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியின் முதல் கம்பைலர், முன்னுரிமையைப் புரிந்துகொள்ள ஒரு வேடிக்கையான தந்திரத்தைக் கையாண்டது. கோவையின் தொடக்கத்தில் இரண்டு திறப்பு அடைப்புகள், முடிவில் இரண்டு மூடல் அடைப்புகள். ஒவ்வொரு கூட்டல் குறிக்கும் முன்னால் இரண்டு மூடல், பின்னால் இரண்டு திறப்பு. பெருக்கல் குறிக்கு முன்னால் ஒரு மூடல், பின்னால் ஒரு திறப்பு மட்டும். க + ச × ட என்பதில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தால் ((க)) + ((ச) × (ட)) என்று கச்சிதமாக வந்து நிற்கும். எந்த இடத்திலும் கம்பைலர் எதையும் ‘முதலில்’ செய்யவில்லை, விட்டுப்போன அடைப்புகளைத் திரும்பப் போட்டுக்கொண்டது, அவ்வளவே. முன்னுரிமை என்பது எழுதாமல் விட்ட அடைப்பு என்பதற்கு இதைவிட நேரடியான செய்முறை விளக்கம் கிடைக்காது. ஜாவா மொழியில் ஒரு கூட்டலின் வலப்பக்கம் பெருக்கல் இருந்தாலும், இடப்பக்கத்து உறுப்பின் மதிப்பைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சி மொழியில் அதுகூடக் கம்பைலரின் இஷ்டம். இரண்டிலுமே பெருக்கல்தான் நெருக்கமாக ஒட்டும். வாசிக்கும் விதியும் செய்யும் வரிசையும் தனித்தனி என்பதை மொழி வகுத்தவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

கணினியிலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம், சொல்வதில் நியாயமும் உண்டு. பைத்தானில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து வலமாகக் கூட்டினால் 0.6000000000000001 வருகிறது. பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6 வருகிறது. சி மொழியின் முழுஎண் கணக்கில் 5 / 2 * 2 என்றால் 4, 2 * 5 / 2 என்றால் 5. இங்கே செய்யும் வரிசை விடையை மாற்றுகிறதே? மாற்றுகிறது, ஆனால் காரணம் வேறு. ஒவ்வொரு படியிலும் கணினி எண்ணை வெட்டியோ தேய்த்தோ வைத்துக்கொள்கிறது. சேர்ப்புப் பண்பு அந்தத் தேய்ந்த எண்களுக்குப் பொருந்துவதில்லை. தாளில் எழுதும் எண்களுக்கு இந்த நோய் இல்லை. ஆகவே மனக்கணக்கில் கிடைக்கும் சுதந்திரம் நிரல் எழுதும்போது கிடைக்காது. நிரலில் எங்கே வெட்டு விழும் என்று பார்த்து அடைப்பு போடத்தான் வேண்டும்.

அடுக்குகளுக்கு வரும்போதும் அதே சிக்கனம்தான் ஆட்சி செய்கிறது. 2-இன்மேல் 3, அதன்மேல் 2 என்று அடுக்கினால் மேலிருந்து கீழாக வாசிப்பது கணித வழக்கம்: மூன்றின் வர்க்கம் 9, இரண்டின் ஒன்பதாம் அடுக்கு 512. கீழிருந்து மேலாக வாசித்தால் எட்டின் வர்க்கம், 64. ஏன் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்? 64-ஐச் சொல்ல வேறு எளிய வழி இருக்கிறது, இரண்டு அடுக்குகளையும் பெருக்கி 2⁶ என்று எழுதிவிடலாம். 512-ஐச் சொல்லும் அமைப்புக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. ஆகவே அடைப்பில்லாத இடத்தை வேறு போக்கிடம் இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். பைத்தான் இதைப் பின்பற்றி 512 தருகிறது. எக்செலில் =2^3^2 என்று போட்டால் 64 வரும். எக்செலின் இன்னொரு பிடிவாதம் இதைவிட ஆபத்தானது. அங்கே =-2^2 என்றால் 4. கழித்தல் குறியை எண்ணின் உடைமையாகப் பாவித்து, மைனஸ் இரண்டின் வர்க்கம் என்று அது வாசிக்கிறது. கணித வழக்கப்படி இது மைனஸ் 4. எக்செலின் வாசிப்பிலும் உள்ளொழுங்கு இருக்கிறதே என்று வாதாடலாம். ஆனால் =5-2^2 என்றால் அதே எக்செல் 1 தருகிறது, உறுப்புகளை இடம் மாற்றி =-2^2+5 என்று எழுதினால் 9 தருகிறது. கூட்டலில் இடம் மாற்றினால் மதிப்பு மாறக்கூடாது என்ற அடிப்படையே எழுத்தளவில் உடைந்துபோகிறது. புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைகோட்டை இப்படி எழுதிப் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டல்ல. நடுவிலிருந்து 3 அலகு தள்ளி 0.00012 வர வேண்டிய இடத்தில் 8,103 வந்து நிற்கும். இங்கே வழக்கங்கள் இரண்டும் சம தகுதி உடையவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, மற்றதற்குப் பழைய கோப்புகளைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலைக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

கழித்தலும் வகுத்தலும் மாணவர்களை வேறு விதத்தில் தடுக்கிவிழச் செய்கின்றன. போட்மாஸ் என்ற எழுத்துக் கோவையில் கூட்டல் கழித்தலுக்கு முன்னால் நிற்பதால், 10 − 4 + 3 என்பதில் நான்கையும் மூன்றையும் முதலில் கூட்டி 3 என்று விடை எழுதுபவர்கள் ஏராளம். சரியான விடை 9. அமெரிக்கப் பள்ளிகளின் ‘பெம்டாஸ்’ சூத்திரத்தில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் வருகிறது, நம்முடையதில் பின்னால் வருகிறது. இருந்தும் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே விடையைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டும் சம நிலை. இதற்காக ‘இடமிருந்து வலம்’ என்று ஒரு துணை விதியைச் சேர்க்கிறார்கள். அதை மனப்பாடம் செய்வதைவிட அதன் அடியில் இருப்பதைப் பார்ப்பது நல்லது: குறி தனக்குப் பின்னால் வரும் எண்ணுக்குச் சொந்தம். 10, மைனஸ் 4, பிளஸ் 3 என்று மூன்று சரக்குகளாகப் பார்த்தால் எந்த வரிசையில் கூட்டினாலும் 9தான். 12 ÷ 4 × 3 என்பதும் 12, கால், 3 ஆகிய மூன்றின் பெருக்கல். எப்படிப் புரட்டினாலும் 9. இந்தப் பார்வை வந்துவிட்டால் வலமென்ன, இடமென்ன?

இங்கேதான் காரணங்கள் தீர்ந்துபோகும் மூலைக்கு வருகிறோம். 2011-இல் இணையத்தை இரண்டு கட்சியாக்கியது 6 ÷ 2(1 + 2). 2019-இல் வந்தது அதன் தம்பி, 8 ÷ 2(2 + 2). முதலாவதற்கு 9 என்று ஒரு கட்சி, 1 என்று ஒரு கட்சி. பாடப்புத்தக விதியைக் கறாராகப் பிடித்தால் 6, அரை, 3 மூன்றையும் பெருக்கி 9. ஆனால் பெருக்கல் குறி அங்கே எழுதப்படவில்லை. குறியில்லாமல் ஒட்டி எழுதிய 2(1 + 2) ஒரே சொல்லைப்போலக் கண்ணுக்குப் படுகிறது. 6ய ÷ 2ய என்று எழுதினால், பெரும்பாலானோர் 3 என்றுதான் சொல்வார்கள். விதிப்படி 3ய² என்று சாதிப்பவரை ஆசிரியரே விநோதமாகப் பார்ப்பார். நிபுணர்களும் ஒன்றுபட்டதில்லை. பாடநூல் விதி ஒன்று சொல்ல, கணித அறிஞர்களின் பழக்கம் வேறாக இருக்கிறது என்று 1917-லேயே லென்னஸ் என்பவர் அமெரிக்கக் கணித இதழொன்றில் எழுதினார். பெருக்கலும் வகுத்தலும் ஒரே உறுப்பில் வரும்போது எதை முதலில் கொள்வது என்பதில் உடன்பாடு இல்லை என்று கணிதக் குறிகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி 1928-இல் பதிவு செய்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 கருவி ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தது, அதன் வாரிசான டிஐ-83 அதைக் கைவிட்டது. ஒரே நிறுவனம், சில ஆண்டு இடைவெளி, இரண்டு விடை. கேசியோவின் கிளாஸ்விஸ் வகைக் கருவிகள் தாமே ஓர் அடைப்பைச் செருகி, 6 ÷ (2(1 + 2)) என்று திரையில் காட்டி 1 என்று முடிக்கின்றன. ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இயற்பியல் ஆய்விதழின் நடைவிதியும் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெருக்கலை முதலில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

விதி என்று ஒன்று இருக்கும்போது அதன்படி 9 என்று சொல்லிவிட்டு மற்றவர்களைத் தோற்றவர்களாக அறிவிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் இடையே பங்கீட்டுப் பண்பு தீர்ப்புச் சொன்னது. அடுக்குகளில் மாற்று வழி உண்டா இல்லையா என்பது தீர்ப்புச் சொன்னது. ஒட்டி எழுதிய பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல எண்களிடம் எதுவும் இல்லை, வகுத்தல் என்பதே தலைகீழியால் பெருக்குவதுதான். நம் போட்மாஸே இந்த இடத்தில் ஒட்டி எழுதியவர்கள் பக்கம் சாய்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிலுள்ள இரண்டாம் எழுத்தை, ‘இத்தனையில் இத்தனை பங்கு’ என்று பொருள்படும் ‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு உரியதாகத்தான் இங்குள்ள போட்டித் தேர்வு நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லித்தருகின்றன. 12 ÷ ½ ஆஃப் 6 என்றால், முதலில் ஆறில் பாதி 3, பிறகு 12 ÷ 3, விடை 4. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறியைப் போட்டால் விடை 144 ஆகிவிடும். ‘ஆஃப்’ என்பதும் பெருக்கல்தான். நெருக்கமாக ஒட்டிய பெருக்கல் என்பதால் வகுத்தலுக்கு முந்திக்கொள்கிறது. இதை ஏற்றுக்கொண்டே 2(1 + 2)-இன் நெருக்கத்தை மறுப்பவர், விதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு விதிக்குள்ளிருக்கும் இன்னொரு விதியை மறந்துவிடுகிறார். அதற்காக 1 என்பதே சரி என்றும் நான் சொல்லவரவில்லை. இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுத்து எழுதியவர்மேல்தான் குற்றம்.

சர்வதேசத் தரநிலைகள் இதை எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டன. ஐஎஸ்ஓ 80000-2 தரநிலை ÷ என்ற குறியையே பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அளவைகளுக்கான எஸ்ஐ கையேடு, அடைப்பில்லாமல் ஒரே கோவையில் சாய்கோட்டை ஒரு முறைக்கு மேல் போடக்கூடாது என்கிறது. சாய்கோடு கணிதத்துக்குள் நுழைந்ததே அச்சுக்கூடத்தின் வசதிக்காக. பின்னத்தை மேலும் கீழுமாகக் கோப்பது சிரமமென்று 1845-இல் அகஸ்டஸ் டி மார்கன் அதைப் பரிந்துரைத்தார், பிறகு வந்த தட்டச்சும் கணினி விசைப்பலகையும் ஒரே வரியில் எழுதும் பழக்கத்தை நிரந்தரமாக்கின. கிடைக்கோட்டுப் பின்னத்தில் கோட்டின் நீளமே அடைப்பின் வேலையைச் செய்கிறது. 6-ஐ மேலே வைத்து 2(1 + 2) முழுவதையும் கோட்டுக்குக் கீழே எழுதினால் 1, மூன்றின் பக்கத்தில் ஆறின்கீழ் இரண்டை மட்டும் எழுதினால் 9, வேறு வாசிப்பே இல்லை. டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் ‘சுருக்குதல்’ ஒரு தலைப்பாகவே இருக்கிறது. தேர்வு எழுதுபவர் அந்தத் தேர்வின் வழக்கத்தைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை. வினாத்தாள் தயாரிப்பவருக்கு வழி இருக்கிறது: மாணவர் 98 × 47 + 2 × 47-இல் நூறைக் கண்டுபிடிக்கிறாரா என்று சோதிக்கலாம், ÷ குறிக்குப் பக்கத்தில் ‘ஆஃப்’ வைத்துப் பொறி போடாமலும் இருக்கலாம்.